பக்கத்து மேசைக்காரி

ஜனவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே இவர், அத்தை, மாமா எல்லோரும் சுகம். உன் பேத்தி சுகமா இல்லையா என்றுதான் எனக்குத் தெரியவில்லை. ஐந்து மாதம் முடிந்து ஒன்பது நாள், எடை ஐந்து கிலோ எண்ணூறு. எதிர்வீட்டுக் குழந்தை இவளைவிடப் பத்து நாள் இளையது, ஏழு கிலோ! டாக்டரிடம் சொன்னால் அவர் இவரைப் பார்த்து, "குழந்தை நல்லா இருக்கு, அம்மாதான் கொஞ்சம் பதட்டப்படுறாங்க" என்கிறார். நான் ஏதோ அந்த அறையிலேயே இல்லாத மாதிரி. நேற்று மூன்று முறை தும்மினாள். குறித்து வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் பதினைந்தாம் தேதி நான் பதிப்பகத்துக்குத் திரும்ப வேண்டும். பிழை திருத்தும் மேசையில் என் இடத்தில் இப்போது ஒரு தற்காலிகப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். நான் போகவில்லை என்றால் அவளே நிரந்தரம் என்று மேலாளர் சொல்லாமல் சொல்லிவிட்டார். அத்தைக்கு முதுகு வலி. குழந்தையைத் தூக்க முடியாது, தூக்குகிறவர்களைக் குறை சொல்ல மட்டும் முடியும். நீதான் வரவேண்டும் அம்மா. ஒரு ஆறு மாதம். அவள் நடக்கத் தொடங்கும்வரை.

போன கடிதத்தில் உங்கள் தையல் ஆலை சூப்பர்வைசரை நீ 'நடமாடும் கடிகாரம்' என்று எழுதியிருந்தாய் அல்லவா? இந்த வீட்டில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அத்தை பிரித்துச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். மாமாவே சிரித்துவிட்டார்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உடனே பதில் போடு.

உன் மகள்

ஜனவரி 22

என் பெண்ணுக்கு, அம்மா எழுதிக்கொண்டது.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. தும்மலை எண்ணுவதை முதலில் நிறுத்து. ஆறாம் மாதத்தில் நீ சுண்டெலி மாதிரி கிடந்தாய். பார்க்க வந்தவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். இப்போது கடிதத்தில் என்னை அதட்டுகிறாய். இன்னும் என்ன வளர்த்தி வேண்டும்?

எங்கள் செக்கிங் பகுதியில் இந்த மாதம் முழுக்க வெள்ளைச் சட்டை. காலர், கை, பட்டன் துளை, முதுகு என்று ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து, கடுகளவு கறை இருந்தாலும் பீஸை ஒதுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். கழிவறைக்கு ஒரு ஷிப்டுக்கு இரண்டு டோக்கன். நேற்று மூன்றாவது டோக்கன் கேட்டவளிடம் கடிகாரம் கேட்கிறார்: "என்னம்மா, வேலைக்கு வந்தியா, ஊர் சுத்திப் பாக்க வந்தியா?"

ஜூனில் வருவதைப் பற்றி லீவு கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

இதற்குக் கீழே உள்ளதைச் சபையில் படிக்க வேண்டாம் என்று சம்பந்தி அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். பெண்கள் சமாச்சாரம். பக்கத்து மேசையில் நிற்பவளுக்காகக் கேட்கிறேன். வயது நாற்பத்தொன்பது. நின்றுபோக வேண்டிய காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து, வந்தால் பத்து நாள் நிற்காமல் போகிறதாம். எத்தனை துணி வைத்தாலும் தாங்கவில்லை. வெள்ளைச் சட்டையைத் தொடவே பயமாக இருக்கிறது என்கிறாள். ஆலை டாக்டரிடம் போனால் மறுநாளே ஆபீஸுக்குத் தெரிந்துவிடும். உன் கல்லூரித் தோழி ஒருத்தி நர்ஸாக இருக்கிறாளே, அவளிடம் விசாரித்து எழுது. படித்தவர்கள் சொன்னால் இவள் கேட்பாள்.

அன்புடன்,
அம்மா

பிப்ரவரி 27

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் பேத்திக்கு நான்கு நாள் ஜுரம், அதற்கு முன்னால் தடுப்பூசி, பின்னால் வயிற்றுப்போக்கு. இப்போது தேவலை. எடை ஆறு கிலோ நூறு. நான் நின்றபடி சாப்பிடுகிறேன், குளிக்கும்போதுகூட அவள் அழுவது மாதிரியே கேட்கிறது. தண்ணீரை நிறுத்திப் பார்த்தால் அவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

உன் பக்கத்து மேசைக்காரி விஷயமாகத் தோழியிடம் கேட்டேன். நிற்கப்போகும் வயதில் அப்படிக் கூடவும் குறையவும் இருப்பது சாதாரணம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றாள். இரும்புச் சத்து மாத்திரை, பேரீச்சம்பழம், முட்டை, மாலையில் அரை மணி நேர நடை. மனதை அலட்டிக்கொள்ளக் கூடாதாம். ஆறேழு மாதத்தில் தானாகவே நின்றுவிடுமாம். அவர்களிடம் சொல்லிவிடு.

உன் லீவு என்னாயிற்று? அதை எழுதவே இல்லையே.

உன் மகள்

மார்ச் 12

என் பெண்ணுக்கு,

சுண்டெலி தேறிவிட்டாள் என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. நீ உட்கார்ந்து சாப்பிடு. உன்னைப் பெற்றவள் நிற்கிற வேலைக்குச் சம்பளமாவது தருகிறார்கள்.

பக்கத்து மேசைக்காரியிடம் நீ எழுதியதை எழுத்து விடாமல் சொன்னேன். முகம் தெளிந்துவிட்டது. "நர்ஸே சொல்லிட்டாங்கன்னா அப்புறம் என்ன" என்றாள். இரண்டு வேளையும் மாத்திரை போடுகிறாள். மாலையில் நடந்து பார்த்தாள். தெருமுனை வரைக்கும் போகுமுன் மூச்சு இரைக்கிறதாம். மாடி அறைக்கு ஏற நடுவில் இரண்டு முறை உட்காருகிறாள். இப்போது கட்டி கட்டியாகவும் போகிறது என்கிறாள். இதுவும் சாதாரணம்தானா என்று அந்தப் பெண்ணிடம் இன்னொரு முறை கேட்பாயா? தொந்தரவு என்று நினைக்காதே.

அடுத்த மாதம் ஆலையில் மெடிக்கல். வருஷத்துக்கு ஒரு நாள் வந்து எல்லோர் விரலிலும் குத்திவிட்டுப் போவார்கள். அது முடிந்துதான் லீவு பற்றிப் பேச முடியும்.

சம்பந்தி அம்மாவுக்கு முதுகு எப்படி இருக்கிறது?

அம்மா

ஏப்ரல் 8

அம்மாவுக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்தையும் அறிய ஆசைதான், ஆனால் உன் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாலும் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை விழவில்லை. முழுக்கப் பக்கத்து மேசைக்காரி. பெற்ற பெண் ஒருத்தி இங்கே பைத்தியம் பிடிக்காத குறையாக நிற்கிறாள், உனக்கு ஊராள் மூச்சிரைப்பதுதான் பெரிதாகப் போயிற்று. அவர்களுக்குக் கணவர், பிள்ளைகள் யாருமே இல்லையா? தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்களை எத்தனை நாள்தான் மற்றவர்கள் தாங்குவது? இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் என் தோழியிடம் போய்க் கேட்டுக்கொண்டிருக்க எனக்கும் நேரமில்லை.

நேற்று அத்தை, "உங்கம்மாவுக்கு வர இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லலாமே, எதுக்கு இந்த இழுப்பு?" என்று கேட்டார்கள்.

நேராகவே கேட்கிறேன். உனக்கு உடம்பு சரியில்லையா? இல்லையென்றால் மெடிக்கல் ரிப்போர்ட்டை அனுப்பு. அதில் ஏதாவது இருந்தால் நான் இனிமேல் கூப்பிடவே மாட்டேன். ஒன்றுமில்லை என்றால் வா.

உன் மகள்

ஏப்ரல் 30

என் பெண்ணுக்கு,

நான் நலம். நீ நம்ப வேண்டுமே என்று ரிப்போர்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ரத்தம் பன்னிரண்டு புள்ளி ஒன்பது. அழுத்தம், சர்க்கரை எல்லாம் அளவுதான். சம்பந்தி அம்மா தாராளமாகச் சத்தமாகப் படிக்கட்டும்.

லீவு கிடைத்துவிட்டது. ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை வண்டி ஏறுகிறேன், மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அங்கே இருப்பேன். மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வந்தால் நல்லது. பெட்டி கனமாக இருக்கும். சுண்டெலிக்கு ஆலையில் ஒதுக்கிய துண்டுத் துணியில் ஏழு சட்டை தைத்திருக்கிறேன். தையல் நன்றாக வந்திருக்கிறது, என் மேசைக்கு வந்தாலும் பாஸ் ஆகும்.

பக்கத்து மேசைக்காரியைப் பற்றி இனி எழுதமாட்டேன். அவளும் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அம்மா

ஜூன் 19

அம்மாவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

பதின்மூன்றாம் தேதி அவர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். உன் வண்டி வந்து, காலியாகி, பெருக்கக்கூட வந்துவிட்டார்கள். அடுத்த வண்டியையும் பார்த்துவிட்டுத் திரும்பினார். நான் ஒரு கடிதம், ஒரு தந்தியாவது வரும் என்று ஆறு நாள் வாசலைப் பார்த்தேன். உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அழுதேன்கூட. அத்தைதான் உன் ரிப்போர்ட்டை எடுத்து வந்து மேசையில் விரித்தார்கள். "எதுக்குடி அழற? இருபது வயசுப் பொண்ணு ரத்தம் ஓடுது உங்கம்மாவுக்கு. உடம்புக்கு ஒண்ணும் இல்லை, மனசுதான் இல்லை." மாமா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். இவர் அந்த ரிப்போர்ட்டை மடித்து என் பக்கம் தள்ளினார். அதுதான் தாங்கமுடியவில்லை.

பதினைந்தாம் தேதி நான் வேலைக்குப் போகவில்லை. அந்தத் தற்காலிகப் பெண்ணை நிரந்தரமாக்கிவிட்டார்கள். என் மேசை டிராயரில் இருந்த சிவப்புப் பேனா, சீப்பு, குழந்தையின் போட்டோ எல்லாவற்றையும் ஒரு காகிதப் பையில் போட்டு ஆள் மூலம் அனுப்பிவிட்டார்கள்.

உன் ஊராட்களோடு நீ சுகமாக இரு. இனி நான் கூப்பிடமாட்டேன். எழுதவும் மாட்டேன்.

மகள்

ஜூலை 2

என் பெண்ணுக்கு,

நீயும் சுண்டெலியும் நலமாக இருக்க வேண்டும்.

கடைசி நேரத்தில் லீவை ரத்து செய்துவிட்டார்கள். தந்தி கொடுத்திருக்க வேண்டும், தோன்றவில்லை. மாப்பிள்ளையிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல். உன் வேலை போனது என்னால்தான். அதற்கு நான் எதைச் சொன்னாலும் எடுபடாது. சட்டைகளைத் தபாலில் அனுப்புகிறேன். பெரியதாக இருந்தால் தோளில் ஒரு மடிப்பு வைத்துத் தை.

அம்மா

ஆகஸ்ட் 25

அக்காவுக்கு வணக்கம். வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நான்தான் செக்கிங்கில் உங்கள் அம்மாவுக்குப் பக்கத்து மேசை. எழுதக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். இரண்டு மாதம் காப்பாற்றினேன், இனி முடியவில்லை. விலாசத்தை அவர்கள் பையிலிருந்து எடுத்தேன்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது என்று உங்களுக்கு எழுதியிருந்தார்களாம். எனக்கு இருபத்துநான்கு. எனக்கு எந்த நோயும் இல்லை அக்கா. அவ்வளவையும் அனுபவித்தது அவர்கள்தான். உங்கள் வீட்டில் கடிதத்தை எல்லோரும் கேட்கப் படிப்பார்களாமே. "சம்பந்தி வீட்டு ஆம்பளைங்க சாப்பிடுற இடத்துல என் சங்கதி வரணுமா?" என்று கேட்டார்கள். அதனால்தான் என் தலையில் போட்டு எழுதினார்கள்.

அந்த ரிப்போர்ட்டில் இருப்பது என் ரத்தம். எங்கள் ஆலையில் ரத்தம் பத்துக்குக் கீழே இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்ப எடுப்பது அவர்கள் இஷ்டம். மெடிக்கல் அன்று எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, தொப்பி, முகத்தில் துணி. அட்டை நம்பரைத்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்கமாட்டார்கள். அதனால் ரத்தம் உள்ளவள் இல்லாதவளின் அட்டையை மாட்டிக்கொண்டு இரண்டாவது முறை போய் வருவாள். முன்பெல்லாம் அம்மாதான் எல்லோருக்கும் போவார்கள். "பத்து வருஷம் என் ரத்தம் ஆறு பேரைக் காப்பாத்துச்சுடி, இப்ப எனக்கே இல்ல" என்று சிரித்தார்கள். இந்த வருஷம் அவர்களுக்காக நான் போனேன். அந்தக் காகிதத்தை உங்களுக்கு அனுப்புவார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

உங்களிடம் வரக்கூடாது என்று அவர்கள் நினைக்கவே இல்லை அக்கா. ஜூன் பன்னிரண்டாம் தேதி வழியனுப்ப நான்தான் கூடப் போனேன். ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும், "கொஞ்சம் இருடி" என்று உட்கார்ந்தார்கள். அப்படியே சாய்ந்துவிட்டார்கள். படியெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஐந்து புள்ளி ஆறுதான் இருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதில் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் முடிவு நல்லபடியாக வரவில்லை. இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். ஜூலையில் உங்களுக்குப் போட்ட கடிதம்கூட வார்டில் படுத்தபடி எழுதியதுதான்.

"ஆறு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று பெரிய டாக்டர் கேட்டார். "சாதாரணம்தான்னு ஒரு நர்ஸ் சொன்னாங்க" என்றார்கள். அவருக்கு வந்ததே கோபம். "எந்த நர்ஸ்? பேரைச் சொல்லுங்க!" என்று கத்தினார். அம்மா வாயைத் திறக்கவே இல்லை. அவர் போன பிறகு, "பாவம், என் பொண்ணோட சிநேகிதி. சொன்னா அவ வேலை போயிரும்" என்று என் காதோடு சொன்னார்கள்.

அந்த நர்ஸிடம் நீங்களாவது கேளுங்கள் அக்கா, எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று.

இப்படிக்கு,
பக்கத்து மேசைக்காரி

செப்டம்பர் 4

அம்மா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குக் கூசுகிறது.

அந்தப் பெண்ணின் கடிதத்தை வழக்கம்போல அத்தைதான் பிரித்தார்கள். நடுவில் குரல் நின்றுவிட்டது. மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். இவர் இன்றைக்கே கிளம்பு என்றார். மாமா டிக்கெட்டுக்குப் போயிருக்கிறார். பதினேழாம் தேதிதான் இடம் கிடைக்கும் போலிருக்கிறது.

வருவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். நேரில் எனக்கு வாய் வராது. நான் என் தோழியிடம் கேட்கவே இல்லை. கேட்கப் போக நினைத்த அன்று குழந்தைக்குத் தடுப்பூசி. பிறகு ஜுரம். பிறகு உனக்குப் பதில் போட வேண்டிய நாள் தாண்டிப்போய்விட்டது. கிளினிக்கில் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையில் 'நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு' என்று ஒரு பக்கம் படித்திருந்தேன். மாத்திரை, பேரீச்சம்பழம், நடை எல்லாம் அதிலிருந்து எழுதியது. தோழி சொன்னதாக எழுதினால் நீ நம்புவாய் என்று அவளைச் சேர்த்துக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தில் கடைசியில் இன்னொரு வரி இருந்தது அம்மா. நாள் கணக்கில் நிற்காமல் போனால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று. அதை மறந்து விடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். எழுதினால் நீ அந்தப் பக்கத்து மேசைக்காரியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவாய், இருக்கிற லீவையெல்லாம் அவளுக்கே செலவழித்துவிடுவாய், ஜூனில் எனக்கு வரமாட்டாய் என்று தோன்றியது.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஏதாவது சொல். உன் பேத்தி பிடிக்காமல் நிற்கப் பழகிவிட்டாள். அவளையும் கூட்டி வருகிறேன்.

உன் மகள்

செப்டம்பர் 11

என் பெண்ணுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சுண்டெலி நிற்கிறாள் என்பதை நாலு முறை படித்தேன். சுற்றிலும் தலையணை போடு, பின்பக்கமாக விழுவாள்.

ஏதாவது சொல் என்று கேட்டிருக்கிறாய். என்ன சொல்ல? நீ நர்ஸைக் கேட்கவில்லை. நான் எனக்கென்று கேட்கவில்லை. இல்லாத ஒருத்திக்காக இல்லாத ஒருத்தி சொன்னதைப் போய் நம்பினேன் என்று தெரிந்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்தால் தையல் போட்ட இடம் வலிக்கிறது. உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஏற்கனவே நிறைய எழுதிவிட்டேன், இனிமேல் பொய் வேண்டாம். கோபம் இருக்கிறது. ஊராளாக இருந்தால் சாகட்டும் என்றுதானே விட்டாய்? அந்த ஊராளுக்கும் உன் வயதில் ஒரு பெண் இருக்கலாம் என்று உனக்குத் தோன்றவில்லை. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மாத்திரை குமட்டுகிறது, அதற்கு மேல் இது.

ஆனால் வா. வராதே என்று சொல்கிற தெம்பு போய்விட்டது. தலைமுடி கொட்டிவிட்டது, பார்த்து அலறாதே. குழந்தையை வார்டுக்குள் விடமாட்டார்கள், மாப்பிள்ளை வெளியே வைத்துக்கொள்ளட்டும். பார்க்கிற நேரம் மாலை நாலிலிருந்து ஐந்து.

முக்கியமாக ஒன்று. ஜூனில் என்னைச் சேர்த்தபோது சொந்தக்காரர்கள் கையெழுத்துப் போட்டால்தான் கத்தி வைப்போம் என்று நின்றார்கள். பக்கத்து மேசைப் பெண்தான் மகள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஒரே மகள் என்று படிவத்தில் எழுதியிருக்கிறது. மருந்து ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் அவள்தான் போடுகிறாள். இப்போது நீ வந்து நான்தான் மகள் என்று நின்றால் அவளைப் பிடித்து விசாரிப்பார்கள். பொய்க் கையெழுத்து என்று போலீஸ் வரைக்கும் போகும். நீ வந்து நாலு நாளில் போய்விடுவாய். அப்புறம் யார் போடுவது?

அதனால் வாசலில் கேட்டால் தங்கச்சி பெண் என்று சொல். உள்ளே வந்து என்னைப் பெரியம்மா என்று கூப்பிடு. அவளை அக்கா என்று சொல்ல வேண்டாம், உன்னைவிடச் சின்னவள். வீட்டிலேயே இரண்டு மூன்று முறை சொல்லிப் பழகிக்கொண்டு வா. என்னைப் பார்த்ததும் வாய் தவறி அம்மா என்று வந்துவிடப் போகிறது.

அம்மா